விளக்கு எரியும்வரை பேச்சு: காது கேளாத யூத இளையோருக்கான ஷபாத் முகாம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் யூத இளைஞர் அமைப்புகள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவுவரை ஷபாத் என்னும் ஓய்வுநாளைச் சேர்ந்து கடைப்பிடிக்கும் வார இறுதி முகாம்களை நடத்துகின்றன. இவற்றை ஷபாத்தோன் என்பார்கள். இதே வடிவத்தைக் காது கேளாத பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் கொண்டுசெல்லும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. மரபுச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு யூதர்களின் அமைப்பான ஆர்த்தடாக்ஸ் யூனியனின் 'அவர் வே' திட்டம் அவற்றில் ஒன்று. முகாமுக்குப் பின்னால் இருக்கும் சமயச் சட்டம், வரலாறு, அறை ஏற்பாடு, பேட்டரிக் கணக்கு எல்லாவற்றையும் இந்த ஆய்வு சேர்த்துப் பார்க்கிறது. 13 முதல் 18 வயதுவரை உள்ள 30 பேருக்கான முகாமை அளவாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சைகைமொழிபெயர்ப்பாளரை மேடையோரம் நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம்தான் இத்தகைய திட்டங்களைப் பெரிதும் கெடுக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வழியாகச் செய்தி வந்து சேரும், அவ்வளவுதான். மரபைக் கையளிக்க, அதைச் சைகை மொழியிலேயே வாழும் காது கேளாத பெரியவர்களும் சம வயதுத் தோழர்களும் வேண்டும். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த முடிவிலிருந்து பிறந்தவை.

பிரச்சினை வீட்டு மேசையில் தொடங்குகிறது

யூத மரபின் பெரும்பகுதி பள்ளியில் கற்பிக்கப்படுவதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றும்போது தாய் முணுமுணுக்கும் ஆசி, பஸ்கா இரவில் தாத்தா சொல்லும் எகிப்துக் கதை, சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டிப் பாடும் பாட்டு ஆகியவை காதில் விழுந்து விழுந்தே பிள்ளையிடம் தங்குகின்றன. காது கேளாத பிள்ளைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அந்தப் பெற்றோரில் பலர் அன்றாடத் தேவைக்கு மேல் சைகை மொழி கற்பதில்லை. மேசையில் எட்டுப் பேர் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று பிள்ளை கேட்டால் "அப்புறம் சொல்கிறேன்" என்ற பதில்தான் வரும். வளர்ந்த காது கேளாதோர் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை இது. வாரம் ஒரு ஷபாத் என்று பார்த்தால், 13 வயதுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட மேசைகள் இப்படியே கழிந்துவிடுகின்றன.

இரண்டாவது காரணம் கல்வி அமைப்பில் இருக்கிறது. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளை இயன்றவரை பொதுப்பள்ளியிலேயே படிக்கவைக்க வேண்டும் என்ற 1975ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு, உறைவிடப் பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்த காது கேளாத மாணவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறினார்கள். அந்தச் சட்டத்தால் நன்மைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு பள்ளியில் ஒரே காது கேளாத மாணவனாகவும், அந்த ஊர் ஜெப ஆலயத்தில் ஒரே காது கேளாத பையனாகவும் இருப்பவன், தன்னைப் போன்ற இன்னொரு யூதனைப் பார்க்காமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம்.

இத்தனைக்கும் இந்தச் சமூகத்தில் பிறவிக் காது கேளாமை அரிதானதல்ல. கனெக்சின் 26 என்னும் புரதத்துக்கான மரபணுவில் காணப்படும், காது கேளாமைக்கு வழிவகுக்கும் 167டெல்டி என்ற மாற்றத்தை, ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 25 பேரில் ஒருவர் சுமக்கிறார். காது கேளாமையோடு பார்வையும் படிப்படியாகக் குறுகும் அஷர் நோய்க்கான சில மரபணு மாற்றங்களும் இவர்களிடையே உள்ளன. முகாமின் விளக்கு ஏற்பாட்டை இது நேரடியாகத் தீர்மானிக்கிறது.

சட்டம் என்ன சொன்னது

காது கேளாதவரைச் சபிக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:14 கட்டளையிடுகிறது. ஆனால் பின்னால் வந்த ரபிமார்களின், அதாவது யூதச் சமய அறிஞர்களின், சட்டத்தொகுப்பான மிஷ்னா, காது கேளாதவர், சித்தம் கலங்கியவர், சிறுவர் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் வைத்தது. கட்டளைகளை நிறைவேற்றும் கடமை இவர்களுக்கு இல்லை. மற்றவர்கள் சார்பில் நிறைவேற்றும் தகுதியும் இல்லை. கேட்கவும் பேசவும் இயலாதவரையே இது குறிக்கிறது என்று மிஷ்னாவின் தெரூமோத் பகுதி 1:2 வரையறுக்கிறது. கேட்கவோ பேசவோ ஒன்று மட்டும் இயன்றவர் மற்றவர்களைப் போன்றவரே. 16ஆம் நூற்றாண்டின் யூதச் சட்டத்தொகுப்பான ஷுல்கான் ஆருக்கும், பொதுத் தொழுகைக்குத் தேவையான பத்துப் பேரை எண்ணும்போது, இதே பிரிவினையைப் பின்பற்றுகிறது.

மிஷ்னாவை விவாதித்து விளக்கும் பெருநூலான தால்மூத்தின் ஹகீகா பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பேச இயலாத இருவர் ரபி யெஹூதாவின் கல்விக்கூடத்துக்கு நாள்தோறும் வந்து, தலையசைத்து, உதடுகளை அசைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். ரபி அவர்களுக்காக வேண்டிக்கொண்டார். அவர்கள் குணமடைந்தபோது சட்டம் முழுவதையும் கற்றுத் தேர்ந்திருந்தது தெரியவந்தது. முகாம்களில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல பகுதி கிடைப்பது கடினம். அவர்களுக்கு அறிவு முன்பே இருந்தது, வெளியே இருந்தவர்களுக்குத்தான் அதைக் காண வழியில்லை. 15 வயதுப் பிள்ளைகள் இதை எவரும் எடுத்துக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள். அதே தால்மூத் மரபு, காது கேளாதவர் சைகையால் திருமணம் செய்யலாம், சைகையால் விவாகரத்து செய்யலாம், சைகையால் பொருள்களை வாங்கி விற்கலாம் என்றும் ஏற்கிறது. இந்தப் பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் வரிசையை மட்டும் காட்டி அனுப்பினால், பிள்ளை தன் மரபைப் பகையாக நினைத்துக்கொண்டே வீடு திரும்பும்.

2011 மே 24 அன்று, மரபுக்கும் மாற்றத்துக்கும் இடைவழியில் செல்லும் கன்சர்வேடிவ் பிரிவின் யூதச் சட்டக் குழு, ரபி பமேலா பார்மாஷ் எழுதிய தீர்ப்பை ஏற்றது. சைகை மொழியில் உரையாடும் காது கேளாதவரைச் சித்தத் தெளிவற்றவராகக் கருதக் கூடாது. யூத வேதமான தோரா வாசிப்புக்கு அழைக்கப்படும்போது ஆசிகளைச் சைகையிலேயே சொல்லலாம். சைகை மொழியில் நடக்கும் தொழுகையை அவரே முன்னின்று நடத்தலாம் என்றது அந்தத் தீர்ப்பு. மாற்றங்களை எளிதில் ஏற்கும் ரிஃபார்ம் பிரிவில் இதற்கு முன்பே கதவு திறந்துவிட்டது. காது கேளாத பெண்ணான ரெபெக்கா டுபோவ் 1993இல் ரபியாகப் பட்டம் பெற்றார். ஆர்த்தடாக்ஸ் வட்டத்தில் தீர்ப்பு ரபிக்கு ரபி வேறுபடும். கல்வி பெற்ற காது கேளாதவரைக் கணக்கில் சேர்ப்பவர்கள் அங்கே பலர். ஆனால் பேசாமல் சைகையில் மட்டும் சொல்லும் ஆசி செல்லுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. முகாமுக்குப் பல பிரிவுகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஆகவே யார் முன்னின்று நடத்துவது, யாரைப் பத்துப் பேரில் எண்ணுவது என்பதை இரண்டு மாதம் முன்பே பொறுப்பு ரபியிடம் எழுத்தில் வாங்கிப் பெற்றோருக்கு அனுப்பிவிட வேண்டும். சனி காலை தொழுகைக்கு நடுவே ஒரு பையனைப் பார்த்து "உன்னை எண்ண முடியாது" என்று சொல்ல நேர்ந்தால், அவன் மறுபடி வரமாட்டான்.

பள்ளிகள் இருந்த காலம்

காது கேளாத இளையோருக்கான யூதத் திட்டம் புதிதாக முளைத்ததல்ல. ஹிர்ஷ் கோலிஷ் 1844இல் மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்கில் தொடங்கிய யூதக் காது கேளாதோர் பள்ளி 1852இல் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. மார்க்குஸ் ரைஷ் 1873இல் பெர்லினுக்கு அருகே ஃபூர்ஸ்டன்வால்டில் தொடங்கிய பள்ளி 1890இல் பெர்லின் வைசன்சேவுக்கு வந்தது. லண்டனில் 1860களிலேயே இத்தகைய உறைவிடப் பள்ளி இருந்தது. பாடத்தோடு எபிரேயத் தொழுகையும், பண்டிகையும், சக மாணவரும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. உதட்டசைவைப் படித்துப் பேசவே பழக்கும் வாய்மொழிக் கல்வி முறையின் பிடியில் வகுப்பில் சைகை ஒதுக்கப்பட்டாலும் விடுதியில் அது தழைத்தது. மார்க்குஸின் மகன் ஃபெலிக்ஸ் ரைஷ் 1939 கோடையில் சில பிள்ளைகளை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். போர் மூண்டுவிட, மற்றவர்களை அழைத்துவர முடியவில்லை. வைசன்சே கட்டடத்தில் உள்ள நினைவுப் பலகை, 1942இல் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்ட காது கேளாத யூதர்கள் 146 பேர் என்கிறது.

மரபுப் பாடத்தில் இந்தப் பகுதிக்குத் தனி அமர்வு வேண்டும். யூத இன அழிப்பு பற்றிப் பள்ளியில் படித்த பிள்ளைகள்கூட, காது கேளாத யூதர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாமலே வருகிறார்கள். 1933ஆம் ஆண்டு நாஜி ஜெர்மன் சட்டம் பரம்பரைக் காது கேளாமையைக் கட்டாயக் கருத்தடைக்குரிய காரணங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. அதாவது இவர்களைத் தாக்க அந்த அரசிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. இந்த அமர்வை வெள்ளி பிற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். ஷபாத் நாளில் துக்கத்தைக் கிளறுவது மரபுக்கு ஒவ்வாது. இரவு படுக்கப்போகும் முன் வைத்தால், இருட்டில் ஆறுதல் சொல்லக் கையும் முகமும் தெரியாது.

பள்ளிகள் மறைந்த பின் பெரியவர்கள் தாங்களே அமைப்புகளைக் கட்டினார்கள். அமெரிக்காவில் காது கேளாத யூதர்களின் தேசியப் பேரவை 1956இல் உருவானது. 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் டெம்பிள் பெத் சாலமன், 1972இல் சிகாகோ பகுதியில் பெனே ஷாலோம் ஆகிய ஜெப ஆலயங்கள் எழுந்தன. முகாமுக்கான பெரியவர்களைத் தேட வேண்டிய இடம் இதுதான். இந்த வட்டத்தில் முதியோர் கூடி இளையோர் குறைந்துவருகிறார்கள். 70 வயதுக்காரர் ஒருவரின் பயணச் செலவை ஏற்று முகாமுக்கு அழைத்துவருவது, எந்தப் பாடநூலை அச்சிடுவதையும்விடப் பயன் தரும்.

ஆட்களும் இடமும்

30 பேருக்குக் காது கேளாத வழிகாட்டிகள் ஆறு பேர், அதாவது ஐவருக்கு ஒருவர். ஆறு பேரில் மூவராவது தொழுகையை முன்னின்று நடத்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். சைகைமொழிபெயர்ப்பாளர்கள் நால்வர். சமையலறை, விடுதிப் பணியாளர், சைகை தெரியாத ரபி ஆகியோருக்காகவே இந்த நால்வர். பிள்ளைகளுக்குள் நடக்கும் எதிலும் அவர்கள் குறுக்கிடக் கூடாது.

இருவர் இருவராக 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளாவிட்டால் மொழிபெயர்ப்பின் தரம் சரிந்துவிடும். ஷபாத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கடைப்பிடிக்கும் யூத மொழிபெயர்ப்பாளர் அன்று வண்டி ஏறமாட்டார், ஆகவே வளாகத்திலேயே தங்கவைக்க வேண்டும். ஷபாத் வேலைக்கு மட்டும் தனியாக ஊதியம் பெறுவதைச் சமயச் சட்டம் தடுக்கிறது. வெள்ளிக்கிழமைத் தயாரிப்பு, சனி இரவுப் பணி இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக ஒப்பந்தம் போட்டால் அது தீரும். யூதரல்லாத மொழிபெயர்ப்பாளர் என்றால் இந்தத் தடைகள் இல்லை, ஆனால் எபிரேயம் தெரியாது. தொழுகை எபிரேயத்துக்கு மாறியதும் "எபிரேயத்தில் தொழுகிறார்கள்" என்று ஒருமுறை காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் நாற்பது நிமிடம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரம் முன்பே தொழுகைப் பகுதிகள், அவற்றின் பொருள், அந்த வாரத் தோராப் பகுதி, அதில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் அனுப்பி, முக்கியச் சொற்களுக்கான சைகைகளை வழிகாட்டிகளோடு உட்கார்ந்து முடிவுசெய்தால் இது நேராது.

விண்ணப்பப் படிவத்தில் 'என்ன நோய்' என்று கேட்பதால் பயனில்லை. வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி, எந்தக் கருவி, எந்தப் பேட்டரி, இருட்டில் நடக்கத் தடுமாறுவதுண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பவருக்கு அஷர் நோய் இருக்கலாம், அது அவருக்கே இன்னும் தெரியாமலும் இருக்கலாம். அவருக்குப் படிக்கட்டு இல்லாத அறை, ஒளியுள்ள நடைவழி, மார்புக்கு முன்னால் குறுகிய பரப்பில் சைகை செய்யும் வழிகாட்டி ஆகியவை வேண்டும்.

இடத்தைப் பார்க்கப் போகிறவர் வெள்ளி இரவு விளக்கு நிலையில் ஒருமுறை, சனி காலை வெயிலில் ஒருமுறை பார்க்க வேண்டும். படுக்கையறைகளில் பளிச்சிடும் தீ எச்சரிக்கை விளக்கு உள்ளதா என்பது முதல் சோதனை. பல பழைய முகாம் வளாகங்களில் ஒலி மட்டுமே உண்டு. அங்கே வேறு வழியில்லையென்றால், தளத்துக்கு இரண்டு கேட்கும் பணியாளர்கள் இரவு முழுக்க விழித்திருந்து, அறைவாரியான பெயர்ப் பட்டியலோடு எழுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத் தடைகள் எதுவும் நிற்காது என்பதைப் பிள்ளைகளுக்கு வந்த முதல் மணிநேரத்திலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் எழுப்ப, தலையணைக்கடியில் அதிரும் கடிகாரத்தை வெள்ளி மாலையே அமைத்து வைத்துவிடலாம்.

வெள்ளி இரவு

சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். மறுநாள் நட்சத்திரங்கள் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணிநேரம், மின்விளக்கைப் போடவோ அணைக்கவோ கூடாது. கைபேசி இல்லை. எழுதுவதும் இல்லை. இந்த மூன்றும் காது கேளாதோரை எப்படிப் பாதிக்கும் என்பதைக் கேட்கும் அமைப்பாளர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

விளக்கு அணைந்தால் பேச்சு நின்றுவிடும். பெரும்பாலான வளாகங்களில் சாப்பாட்டுக் கூட விளக்குகள் இரவு பத்து மணிக்கு அணையும்படி தானியங்கிக் கருவியில் அமைக்கப்பட்டிருக்கும். கேட்கும் பிள்ளைகள் இருட்டிலும் கதை பேசுவார்கள். இங்கோ, பல மாதங்களாகச் சைகையில் பேச ஆளில்லாமல் இருந்த பிள்ளைகளின் உரையாடல், சூடுபிடிக்கும் வேளையில் அறுந்துபோகும். ஒரு பெரிய அறையையாவது தானியங்கிக் கருவியிலிருந்து முழுதாக விலக்கி 25 மணிநேரமும் எரியவிடுங்கள். அந்த அறைக்கு இரண்டு தனி மின்சுற்றுகளிலிருந்து விளக்கு வர வேண்டும், ஒன்று போனாலும் மற்றது நிற்கும். நடைவழி விளக்கும் குளியலறை விளக்கும் அப்படியே. அசைவைக் கண்டு தானே எரியும் விளக்குகளும் ஷபாத் கடைப்பிடிப்பவர்களுக்குச் சிக்கல் தருபவை. அவற்றை வெள்ளிக்கிழமை மதியமே நிலையாக எரியும்படி மாற்றிவிட வேண்டும்.

எழுத்துத் தடையின் விளைவு வேறு விதம். வார நாள்களில் காது கேளாத இளைஞர் சமையற்காரரிடம் கைபேசியில் தட்டச்சு செய்து காட்டுவார். ஷபாத்தில் அது முடியாது. ஆகவே சைகை தெரியாத பணியாளர் ஒவ்வொருவரும் அன்று அவர்களுக்கு ஒரு சுவர்தான். 'பால் கலந்ததா', 'இன்னும் வேண்டும்', 'தலைவலி', 'அறைச் சாவி', 'ஒவ்வாமை' போன்ற முப்பது நாற்பது சொற்களை அச்சிட்ட அட்டைகளை வெள்ளிக்கிழமையே மேசைகளிலும் சமையலறை வாசலிலும் வைத்தால், விரலால் சுட்டியே காரியம் நடக்கும்.

மேசைகள் வட்டமாக, ஒன்றரை மீட்டர் விட்டத்தில், எட்டுப் பேருக்கு. நீள மேசையில் ஓரத்தில் இருப்பவர் மறுஓரத்தைப் பார்க்கவே முடியாது. நடுவில் பூச்சாடி வேண்டாம். மெழுகுவர்த்தியைத் தனி மேசையில், எவருக்கும் பின்னால் அமையாத இடத்தில் வையுங்கள். முகத்துக்குப் பின்னால் சுடர் இருந்தால் உதடும் புருவமும் தெரியாது. சைகை மொழி இலக்கணத்தின் பாதி முகத்தில்தான் இருக்கிறது.

மேசைப் பாட்டுகளை மொழிபெயர்த்துத் தருவது பெரும்பாலும் சோர்வாகவே முடியும். அந்த நேரத்தைக் காது கேளாதோரின் சொந்தக் கதைமரபுக்குக் கொடுப்பது நல்லது. விரல்களால் எழுத்துகளைக் காட்டும் விரலெழுத்து வரிசையின் ஒவ்வொரு கைவடிவத்தையும் அதே வரிசையில் பயன்படுத்திக் கதை சொல்லும் வடிவம் அமெரிக்கச் சைகை மொழியில் வேரூன்றியது. எபிரேயத்தின் 22 எழுத்துகளுக்கான இஸ்ரேலிய விரலெழுத்துகளை மாலைக்கு முன் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு மேசையும் ஒரு கதை கட்டச் சொன்னால், நள்ளிரவுவரை போகும்.

சனி காலை

அமெரிக்காவில் யூதர்கள் எருசலேமை நோக்கி, அதாவது கிழக்கு நோக்கித் தொழுகிறார்கள். காலை வெயிலும் கிழக்குச் சன்னல் வழியாகவே வரும். முன்னால் நின்று நடத்துபவர் வெறும் நிழலுருவமாகிவிடுவார். கனத்த திரையை வெள்ளிக்கிழமையே இழுத்து மூடி, உள்விளக்குகளை எரியவிட வேண்டும். நடத்துபவர் மரபுப்படி சபைக்கு முதுகு காட்டி, தோராச் சுருள்களை வைக்கும் பேழையை நோக்கி நிற்பார். பார்த்துத் தொழும் சபைக்கு அது பயனற்றது. இருக்கைகளை அரைவட்டமாக்கி, நடத்துபவரை 45 பாகைச் சாய்வில் நிறுத்தினால், பேழையும் அவர் பார்வையில் இருக்கும், சபைக்கும் அவர் தெரிவார்.

தொழுகைச் சால்வை பெரும்பாலும் வெள்ளையில் கறுப்பு அல்லது நீலக் கோடுகள் கொண்டது. அதன்முன் கைகள் அசையும்போது கண் கூசும். சால்வையின் இரு விளிம்பையும் தோளுக்குப் பின்னால் மடித்துப் போட்டு, தன் தோல் நிறத்துக்கு எதிரான ஒற்றை நிறச் சட்டையில் நிற்பது எளிய தீர்வு.

புத்தகத்தைப் பிடித்த கை பேசாது. ஒவ்வொருவருக்கும் நூல்தாங்கி தருவது சிறப்பு. முடியாவிட்டால் முக்கியப் பகுதிகளைப் பெரிய தாள்களில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம். ஐந்து மீட்டரில் இருப்பவர் படிக்க எழுத்து நான்கு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். கண்ணும் ஒரே நேரத்தில் தாளையும் கையையும் பார்க்காது. முதலில் படிக்க நேரம், பிறகு சைகை, பிறகு மறுபடி தாள் என்று போக வேண்டும். நேரம் தானாக நீளும் என்பதால், வழக்கமான தொழுகை முழுவதையும் திணிக்காமல், கட்டாயப் பகுதிகளை நிதானமாகச் செய்யுங்கள்.

மௌனமாக நின்று தனித்தனியே தொழும் அமிதாவில் இன்னொரு தடங்கல் உண்டு. முடிந்ததும் நடத்துபவர் குரலெழுப்புவார், கேட்கும் சபை நிமிரும். இங்கே விளக்கை மின்னவைத்து அழைக்க முடியாது. மரத்தளமாக இருந்தால் காலால் தட்டலாம், சிமென்ட் தளம் அதிராது. இரண்டு வழிகாட்டிகள் பக்கவாட்டில் நின்று தோளைத் தொட்டுச் செய்தியைக் கடத்துவதே எங்கும் செல்லும் வழி. 'இஸ்ரயேலே, கேள்' என்று தொடங்கும் ஷெமாவின் முதல் வரியில் கண்ணை மூடும் வழக்கத்தை, முதலில் சைகை செய்து முடித்துப் பிறகு மூடுவதாக மாற்றிக்கொள்ளும் சபைகள் உண்டு. இதையும் ரபியிடம் முன்கூட்டியே கேட்டு வைக்கவும்.

பேட்டரிக் கணக்கு

உட்செவியில் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்டும் காதுக் கருவியும் அணியும் பிள்ளைகள் முகாமில் பாதிக்கு மேல் இருக்கலாம். வெள்ளிக்கிழமை அணிந்து இயக்கிய கருவியை ஷபாத் முழுதும் அணிந்திருக்கவும், அணிந்தவரோடு பேசவும் பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் ரபிகள் அனுமதிக்கிறார்கள். பேட்டரி மாற்றுவதும் மின்னேற்றுவதும்தான் சிக்கல். மின்னேற்றும் சிறிய பேட்டரி பல மாதிரிகளில் ஒரு பகல் மட்டுமே தாங்கும். வெள்ளி காலையில் பொருத்தியது இரவு உணவின் நடுவே நின்றுவிடும். ஒருமுறை பயன்படுத்தும் துத்தநாக-காற்று பேட்டரிக்கான தாங்கி அந்த மாதிரிக்கு இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். 675 அளவுப் பேட்டரிகள் இரண்டு பெரும்பாலும் ஒரு முழு நாளைத் தாண்டும். மேலே ஒட்டிய வில்லையை உரித்து ஐந்து நிமிடம் காற்றில் வைத்துப் பிறகு பொருத்தினால் முழுத் திறன் கிடைக்கும். பலர் உரித்த உடனே மூடிவிடுவதால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. மெழுகுவர்த்திக்கு ஒரு மணிநேரம் முன் ஒரு வழிகாட்டி பட்டியலோடு உட்கார்ந்து அனைவரின் பேட்டரியையும் மாற்றவைக்க வேண்டும். ஆசிரியர் கழுத்தில் மாட்டும் தொலை ஒலிவாங்கிக்கு அனுமதி கிடைப்பது அரிது, அது இல்லாமலே நடத்தத் திட்டமிடுங்கள்.

உதிரிப் பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டு வளாகத்தில் நடப்பதும் ஷபாத்தில் பொருள் சுமப்பதாகும். எருவ் என்னும் எல்லைக்கோடு கட்டிய வளாகத்தைத் தேர்வது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

ஹவ்தாலாவும் பண்டிகைகளும்

ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தாலா, காது கேளாத பிள்ளைகளுக்கென்றே அமைந்தது என்று சொல்லத் தோன்றும். பல திரிகள் பின்னிய மெழுகுவர்த்தி, நறுமணப் பொருள், திராட்சை ரசம் என எல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்குமானவை. அதைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: அழகுக்காக விளக்குகளை அணைப்பது. ஓர விளக்குகள் எரியட்டும். மெழுகுவர்த்தியை, சைகை செய்பவரின் முகத்துக்கு முன்னால் ஒரு பக்கமாக, வேறொருவர் பிடிக்கட்டும்.

ஷோஃபார் என்னும் ஆட்டுக்கொம்பு எக்காளத்தைப் புத்தாண்டுக்கு முந்தைய முகாமில் வார நாளில் அறிமுகப்படுத்தலாம், ஷபாத்தில் ஊதுவதில்லை. ஊதிய பலூனை விரல்நுனிகளால் பிடித்து, கொம்பின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றால், தெக்கியாவின் நீண்ட அதிர்வையும் தெரூவாவின் ஒன்பது குறு அதிர்வுகளையும் பிரித்தறிய முடியும். கருவி அணிந்தவர்கள் ஒலியளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அருகில் அந்த ஓசை வலிக்கும். அதிர்வை உணர்வதால் கேட்கும் கட்டளை நிறைவேறியதாக ஆகாது. ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகளிடம் இதை மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். பூரிம் பண்டிகை நாளில் எஸ்தர் நூல் வாசிப்பில் கொடியவன் ஆமானின் பெயர் வரும்போது கிலுகிலுப்பை சுழற்றுவதற்குப் பதில் கொடி அசைத்துத் தரையை மிதிக்கலாம். ஆனால் வாசிப்பவர் எந்த வரியில் இருக்கிறார் என்று ஒருவர் காட்டிக்கொண்டே இருந்தால்தான் எல்லோரும் ஒரே நொடியில் மிதிப்பார்கள்.

முகாமுக்குப் பிறகு

திங்கட்கிழமை பிள்ளை மறுபடி தனியாகிவிடும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காணொளி வகுப்பு தொடங்காவிட்டால் சேர்ந்த கூட்டம் கலைந்துபோகும். வாரம் ஒருமுறை, ஆறு பேருக்கு மேல் போகாத குழு, காது கேளாத ஆசிரியர். ஆறுக்கு மேல் போனால் திரையில் கைகள் சிறுத்துவிடும். சமயக் கடமைகளை ஏற்கும் வயதைக் குறிக்கும் பார் மிட்ஸ்வா (ஆண்), பாத் மிட்ஸ்வா (பெண்) சடங்குகளின் தயாரிப்புக்கு ஓராண்டு வைத்துக்கொண்டு, ஆசிகளைச் சைகையில் சொல்வதா குரலிலா என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெற்றோருக்காகக் குரலில் ஒப்பிக்கும் பிள்ளை, சொல்வதன் பொருள் அறியாமலே மேடை இறங்கிவிடும்.

கல்லூரிப் பருவத்தில் வாஷிங்டனின் காலடெட் பல்கலைக்கழகமும், ராச்செஸ்டரின் தேசியக் காது கேளாதோர் தொழில்நுட்பக் கழகமும் இளைஞர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் இடங்கள். 'பர்த்ரைட்' திட்டத்தின் இலவச இஸ்ரேல் பயணம், அமெரிக்கச் சைகை மொழியில் நடக்கும் குழுக்களாகவும் உண்டு. அங்கே போனதும் எதிர்பாராத ஒன்றைச் சந்திக்கிறார்கள்: இஸ்ரேலியச் சைகை மொழி அவர்களுக்குப் புரிவதில்லை. எருசலேமில் 1932இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியின் காலத்தையொட்டி, ஜெர்மனியிலிருந்து வந்தவர்களின் சைகைகளும் மற்றவர்களுடையவையும் கலந்து வளர்ந்த மொழி அது. அல்ஜீரியாவின் கர்தாயா ஊர் யூதர்கள் கொண்டுவந்த சைகை மொழியும் சில குடும்பங்களில் தனியாகத் தங்கியிருக்கிறது. கையில் தவழும் யூத மரபு ஒன்றல்ல, பல என்பதை ஒரு மாலை நேரச் சந்திப்பிலேயே காணலாம். அதற்கு இரு மொழியும் அறிந்த காது கேளாத ஒருவரை இடையில் அமர்த்தி, பேருந்து அட்டவணையில் முழுதாக மூன்று மணிநேரம் ஒதுக்க வேண்டும். கோட்டை கொத்தளங்களைப் பார்க்கும் அவசரத்தில் பெரும்பாலும் இதைத்தான் வெட்டுகிறார்கள்.

பணம்

1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்கள் மொழிபெயர்ப்பாளர் உள்ளிட்ட வசதிகளைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் சமய நிறுவனங்களுக்கு அந்தப் பகுதியிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே ஜெப ஆலயத்திடம் உரிமையாகக் கேட்க முடியாது, எல்லாம் நன்கொடையில்தான் நடக்கிறது. நன்கொடை குறையும் ஆண்டில் எதை வெட்டுவது என்ற கேள்வி நிச்சயம் வரும். சட்டை, பை, அச்சுப் பொருள்களை முதலில் வெட்டுங்கள். அடுத்து வெளியூர்ப் பேச்சாளரை. அடுத்து, வழிகாட்டிகள் எல்லோரும் சைகையில் பேசுபவர்கள் என்பதால், மொழிபெயர்ப்பாளர் நால்வரை இருவராக்கி, கேட்கும் ரபிக்குப் பதில் காது கேளாத ரபியையோ ஆசிரியரையோ அழையுங்கள். வழிகாட்டிகளின் ஊதியத்திலும், தொலைவிலிருந்து தனியே வரும் பிள்ளையின் விமானச் சீட்டிலும் கை வைக்க வேண்டாம்.